டின்பால் தாயாகுமா?



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் எழுதுகின்ற இந்த ஏட்டில், பல் முளைக்காத பிள்ளையின் வாயில் வைக்கும் முதல் கவளத்தைப் பற்றி இன்று எழுத முன்வந்துள்ளோம். “இதுவா சங்கத்தின் வேலை? இது அடுப்படியில் பெண்கள் பேசுகின்ற பேச்சல்லவா?” என்று எண்ணிச் சில ஆண்மக்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். அவசரப்பட்டுப் புரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வேலை நேரமும், கூலியும், கடைக்கணக்கும், முதலாளியின் விளம்பரமும் ஒன்று சேர்ந்துதான் அந்தக் கவளத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றைப் பேசாத சங்கம் வேறு எதைப் பேசும்?

பால்வெட்டுக்குப் போகும் தாய்க்கு இரண்டு பால் உண்டு. ஒன்று மரத்துப் பால். அது மங்கில் விழுந்து, வாளியில் சேர்ந்து, ஸ்டோருக்குப் போய், நிறுக்கப்பட்டு, கிராணியாரின் புத்தகத்தில் ஏறுகிறது. வழியில் கொட்டிவிட்டால் கேள்வி உண்டு. மற்றொன்று அவள் மார்பில் சுரக்கும் பால். அது நேரந்தவறிக் கட்டி, வலித்து, ரவிக்கையை நனைத்துக் காய்ந்து போகிறது. அதற்குக் கணக்கெழுத எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. கொட்டிப் போனதே என்று கேட்பாருமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கடையிலிருந்து டின்பால் வந்து குந்திக்கொள்கிறது.

பாட்டி கேட்ட கேள்வி

ஒரு லயத்து வாசலில் நாம் கண்ட காட்சியைச் சொல்கிறோம். நாலு மாதப் பிள்ளை. தாய் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பாட்டியார் பிள்ளையை மடியில் கிடத்தி, டின்பால் கலந்த தேத்தண்ணியில் பிஸ்கட்டை ஊறவைத்து, விரலால் எடுத்து ஊட்டிக் கொண்டிருந்தார். இது பிள்ளைக்கு ஆகாதே என்று நாம் வாயெடுத்தோம். அவர் கோபிக்கவில்லை. நிதானமாகக் கேட்டார்:

“நீங்க சொல்றது சரிதான் ஐயா. இவ ஆத்தா மரம் வெட்டிட்டு வர்றதுக்குப் பன்னெண்டு, ஒரு மணி ஆகும். அதுவரைக்கும் நான் என்னத்தக் குடுக்க?”

நம்மிடம் அப்போது பதிலில்லை. வெட்கத்தோடு திரும்பினோம். இந்தக் கட்டுரை அந்தப் பாட்டிக்கு நாம் கடன்பட்ட பதில். பதில் இரண்டு பாகமுடையது. எதைக் கொடுப்பது என்பது ஒன்று. அதைக் கொடுக்கவொட்டாமல் தடுப்பது யார் என்பது மற்றொன்று. முதல் பாகத்தை மட்டும் சொல்லித் தாய்மாரை ஏசிவிட்டுப் போவோர் ஏராளம். இரண்டாவதைச் சொல்லத்தான் ஆளில்லை.

யார் பழக்கியது?

“கூலிக்காரப் பெண்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது” என்பது துரைமார் காலத்துப் பழைய பேச்சு. இன்றும் படித்தவர்களில் சிலர் அதையே வேறு சொற்களில் சொல்கின்றனர். நாம் கேட்கிறோம்: பிள்ளைக்கு டின்பாலைப் புகட்ட நம் பாட்டிமாருக்கு யார் கற்றுக் கொடுத்தது? கப்பலேறி வந்தபோது மடியில் கட்டிக்கொண்டா வந்தார்கள்?

சரித்திரம் பதில் சொல்கிறது. சிசிலி வில்லியம்ஸ் என்ற ஆங்கில அரசாங்கத்தின் பெண் டாக்டர் ஒருவர் 1930-களில் மலாயாவுக்கு வந்து பணியாற்றினார். சிங்கப்பூரில் ஏழைப் பிள்ளைகள் சாவதைக் கண்ணாரக் கண்டார். பால் கம்பெனிகள் பெண்களுக்குத் தாதியுடை உடுத்தி, வீடு வீடாக அனுப்பி, தாய்ப்பாலை நிறுத்தச் செய்து டின்பாலைப் பழக்கியதையும் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில், பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையில், அவர் ஒரு சொற்பொழிவாற்றினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பதாகும். தவறான பால் விளம்பரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டுமென்று அஞ்சாமல் எடுத்துரைத்தார்.

அந்த அம்மையார் பின்னர் ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டார். அங்கே டின்பால் ஏது? சிறைவாசத்தின்போது பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தே வளர்ந்தன. 20-ம் பிழைத்தன என்று அவரே பின்னாளில் சொன்னார். பட்டினியும் காவலும் சூழ்ந்த சிறையில் பிழைத்த பிள்ளை, கடையும் காசும் உள்ள ஊரில் செத்தது என்றால், குற்றம் தாயினுடையதா? சிந்தித்துப் பாருங்கள்.

உலகம் இதை ஏற்றுக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1981 மே மாதத்தில்தான் உலகச் சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்குப் பதிலான பொருள்களை விற்பதற்கு ஓர் ஒழுங்குமுறையை நிறைவேற்றியது. ஆதரவாக 118 நாடுகள். எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றே ஒன்று. அது அமெரிக்கா. 1939-இல் ஒரு பெண்மணி நம் வாசலில் நின்று சொன்னதை உலகம் ஒப்புக்கொள்ள 42 ஆண்டுகள் ஆயின. அந்த 42 ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் நம்முடைய பாட்டிமார், தாய்மார். அவர்களை அறியாதவர்கள் என்று ஏசுவது தகுமா? அவர்கள் அறியாமல் இருக்கவில்லை. தவறாக அறிவிக்கப்பட்டார்கள்.

82 நாள்

இனி இன்றைய சட்டத்தைப் பார்ப்போம். தனியார் வேலையிலுள்ள பெண்ணுக்கு நெடுங்காலமாக 60 நாள் பிரசவ விடுமுறை இருந்தது. பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின், 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாளாக உயர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும்; தண்ணீர்கூட வேண்டாம்; ஆறு மாதம் முடிந்த பிறகுதான் மற்ற உணவு என்கிறார்கள். ஆறு மாதமென்றால் ஏறக்குறைய 180 நாள்.

கிராணிமார்களே, கணக்கில் நீங்கள் வல்லவர்கள். 180-இல் 98 போனால் மீதி எவ்வளவு? 82 நாள். பிரசவத்திற்கு முன்பே விடுமுறையைத் தொடங்கிவிட்ட தாய்க்கு இன்னும் அதிகம். அந்த 82 நாளுக்குச் சட்டம் தாயை வேலைக்கு அழைக்கிறது. மருத்துவம் பிள்ளையிடம் இருக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை அழுகிறது. பாட்டி கேட்டது இந்த 82 நாளைப் பற்றிய கேள்விதான். டின்னும் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் நம் வீட்டுக்குள் நுழையும் வாசல் இதுவே.

1919-இலேயே அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் அரைமணி வீதம் நாளுக்கு இரு முறை ஓய்வு கொடுக்க வேண்டுமென்று உடன்படிக்கை செய்தது. 1958-இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே செய்த உடன்படிக்கையிலும் பாலூட்டுவதற்காக வேலையை நிறுத்தும் உரிமை எழுதப்பட்டது. நூறாண்டு கடந்தும் நமது வேலைச் சட்டத்தில் பாலூட்டும் நேரத்திற்கென்று ஒரு வரி இல்லை. மரத்துக்கு ஓய்வு கொடுத்து வெட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு, தாய்க்கு ஓய்வு கொடுக்கத் தெரியாதா?

டின்னுக்குள் என்ன?

கடையில் விற்கும் இனிப்புக் கட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. அதிலும் இப்போது நம் சமையலறையில் பெரும்பாலும் இருப்பது பாலுமன்று, ‘கிரீமர்’. டின்னைத் திருப்பி, அதில் அடங்கிய பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமுள்ளதைத்தான் முதலில் எழுத வேண்டுமென்பது விதி. சர்க்கரை, செம்பனை எண்ணெய், பால் திடப்பொருள் என்ற சொற்களைக் காண்பீர்கள். நம் கையால் குலை வெட்டி ஏற்றிய செம்பனையின் எண்ணெயைச் சர்க்கரையில் கலந்து, பசுவின் நிறத்தைப் பூசி, நம் பிள்ளைக்கே தாய்ப்பாலென்று திருப்பி விற்கிறார்கள்! நாம் அதைக் கடன் சொல்லி வாங்குகிறோம். என்னே வியாபாரம்!

அண்டை நாடான இந்தோனேசியாவில் 2018-இல் அந்நாட்டு உணவு மருந்துக் கண்காணிப்பு இலாகா, இனிப்புக் கட்டிப்பால் விளம்பரத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காட்டக் கூடாதென்று உத்தரவிட்டது. ஆகையால் இது நமது கற்பனைப் பயமன்று.

தேத்தண்ணியின் கதை இன்னும் மோசம். தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப் போடுகிறது. பிள்ளை பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்து ஆறு மாத வாக்கில் குறைந்துவிடுகிறது. அந்த வேளையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தால் இரத்தம் எப்படி ஊறும்? வெளுத்த கண்ணும், மந்தமான முகமும், பள்ளியில் ஏறாத படிப்பும் தலையெழுத்தென்று சொல்லிக்கொள்கிறோம். தலையெழுத்தில் ஒரு பகுதியாவது டின்னில் எழுதியதாக இருக்கலாம். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். வானளாவிய கட்டடங்களைக் கட்டிய நாட்டில் ஐந்தில் ஒரு பிள்ளை வளரவில்லை!

பாட்டிக்குப் பதில்: எதைக் கொடுப்பது?

முதலில் ஆறு மாதம் முடியாத பிள்ளை. தாய் பாலைப் பீய்ச்சி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்துப் போகலாம். பாட்டி அதைச் சுடுநீரில் பாத்திரத்தோடு வைத்து இளஞ்சூடாக்கிக் கிண்ணத்தாலோ கரண்டியாலோ புகட்டலாம். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். அதற்கு வழியே இல்லையென்றால் கிளினிக்கில் கேட்டு, குழந்தைக்கென்றே செய்த பால்மாவைக் கொதித்த தண்ணீரில், டின்னில் சொன்ன அளவு குறையாமல் கலந்து கொடுக்க வேண்டும். மாவு சீக்கிரம் தீர்ந்துவிடுமென்று தண்ணீரை அதிகமாக்குவது பிள்ளையைப் பட்டினி போடுவதாகும். இனிப்புக் கட்டிப்பாலும் கிரீமரும் எந்நாளும் இதற்கு மாற்றாகா.

ஆறு மாதம் முடிந்து, தலை நின்று, பிடித்தால் உட்கார்ந்து, நாம் சாப்பிடுவதைப் பார்த்துக் கையை நீட்டுகின்ற பிள்ளை சோற்றுக்குத் தயாராகிவிட்டது. அதற்கு வேண்டிய உணவு விலையுயர்ந்த பொட்டலத்தில் இல்லை. நம் லயத்துக் கொல்லையிலும், சந்தையிலும், கோழிக்கூட்டிலும் இருக்கிறது.

வெறுங்கஞ்சி போதாது. முன்னே சொன்ன சிசிலி வில்லியம்ஸ் மலாயாவுக்கு வருமுன் ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு, மக்காச்சோளக் கூழை மட்டுமே உண்ட பிள்ளைகள் கால் வீங்கி, தோலுரிந்து சாவதைக் கண்டு எழுதியவர் அவரே. அந்நோய்க்கு அந்நாட்டு மக்கள் வைத்திருந்த ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரை 1935-இல் மருத்துவ உலகுக்குத் தெரியப்படுத்தினார். நம் கஞ்சித் தண்ணீரும் அந்தக் கூழின் தங்கைதான். வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. பிள்ளையின் வயிறு சிறியது. அதில் தண்ணீரை நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? ஆகவே கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடாத பதத்தில் குழைய வேக வைத்த சோறு வேண்டும்.

அந்தச் சோற்றோடு பருப்பு சேருங்கள். முருங்கைக்கீரையையோ பசளைக்கீரையையோ நன்றாக வேகவைத்து மசித்துச் சேருங்கள். பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசியல் நல்லது. ஒரு சிறு கரண்டி எண்ணெய் விடுங்கள். பிள்ளைக்குத் தெம்பு வரும். முட்டையை முழுக்க வேகவைத்து மசித்துக் கொடுங்கள். கெம்போங் மீனை அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுப் பிசையுங்கள். நெத்திலியில் உப்பு அதிகம். ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே பொடியாக்குங்கள். கோழி ஈரல் வாரத்தில் ஒரு நாள் சிறிதளவு போதும். இரும்புச் சத்துக்கு அது மிக உயர்ந்தது. பின்னர் பப்பாளியோ கொய்யாவோ மசித்துக் கொடுத்தால், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சைவக் குடும்பத்தார் பருப்பு, கீரை, பழம் மூன்றையும் தவறாமல் சேர்ப்பதோடு இரும்புச் சத்தைப் பற்றிக் கிளினிக்கிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு என்ன? தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. பிறகு மெல்லக் கூட்டி அரைக் கிண்ணம். எட்டு மாதம் வரை நாளுக்கு 2 அல்லது 3 வேளை. ஒன்பது மாதத்திலிருந்து 3 அல்லது 4 வேளை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

முட்டையையும் நிலக்கடலையையும் ஒரு வயது, இரண்டு வயது வரை கொடுக்கவே கூடாதென்று முன்பு டாக்டர்களே சொன்னதுண்டு. அது இப்போது மாறிவிட்டது. 2015-இல் வெளியான இங்கிலாந்து ஆராய்ச்சி ஒன்று, ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு நிலக்கடலையைச் சீக்கிரம் பழக்கினால் ஒவ்வாமை பெரிதும் குறைகிறதென்று கண்டது. முழுக் கடலை கொடுக்கக் கூடாது; மைபோல் அரைத்து, நீர்க்கக் கரைத்துச் சோற்றில் கலக்க வேண்டும். புதிய உணவு எதுவானாலும் ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, பகல் வேளையில் கொடுத்துப் பாருங்கள். தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கடுமையான கரப்பானுள்ள பிள்ளைக்குக் கடலை கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

இதை வெட்டி எடுத்து அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வைப்பது நன்று.

தேன்: ஒரு வயது வரை ஒரு துளியும் ஆகாது. பிறந்ததும் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தில் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் சேர்ந்திருக்கின்றன. தேனிலிருக்கக் கூடிய ஒரு கிருமி, சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, கைகால்களைத் துவளச் செய்து மூச்சையும் நிறுத்தக் கூடும். பெரியவர் ஆசீர்வாதம் வேண்டுமென்றால் நெற்றியில் கை வைக்கட்டும். வாயில் தேன் வேண்டாம்.

உப்பும் சர்க்கரையும்: பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு உங்கள் குழம்பில் உப்புப் போடுங்கள். கிச்சாப், கறித்தூள் மிகுந்த குழம்பு, பொட்டல மீயின் மசாலா இவை வேண்டாம்.

அரைவேக்காட்டு முட்டை: காப்பிக் கடையில் நமக்குப் பிடித்தது, பிள்ளைக்கு வேண்டாம்.

தொண்டையை அடைப்பவை: ரம்புத்தான், லோங்கான், முழுத் திராட்சை, கச்சாங் பூத்தே, முறுக்கு, ஜெல்லி. ரம்புத்தான் கொட்டையோடு வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும்; கண்மூடித் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். பிள்ளையை ஏணையில் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள்.

ஆறிப்போன சோறு: காலையில் குழைத்த சோறு மதியம்வரை வெளியிலிருந்தால் அதில் கிருமி பெருகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியிலிருந்ததைக் கொடுக்காதீர்கள். போத்தலைவிடக் கிண்ணமும் கரண்டியும் சுத்தம் செய்ய எளிது.

தோட்டத்துக் கை: பால் உறைய வைக்கும் ஆசிட்டும், அமோனியாவும், புல்லுக்கு அடிக்கும் மருந்தும் பட்ட கையோடும் உடையோடும் பிள்ளையைத் தூக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிய பிறகு தூக்குங்கள். ஆசிட்டைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பதும், மருந்து டின்னைத் தண்ணீர் பிடிக்க வைப்பதும் எமனை வீட்டுக்கு அழைப்பதாகும்.

“நாங்களெல்லாம் வளரவில்லையா?”

“நாங்கள் டின்பால் குடித்துத்தான் வளர்ந்தோம்; எங்களுக்கு என்ன கெட்டுவிட்டது?” என்று சில அன்பர்கள் மார்தட்டுவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். வளர்ந்தவர்கள்தான் கூட்டத்தில் எழுந்து பேச முடியும். வளராமல் போனவர்கள் பேச முடியாது. ரப்பர் மரங்களுக்கிடையே கிடக்கும் பழைய தோட்டத்து மயானங்களைப் போய்ப் பாருங்கள். சின்னச் சின்ன மேடுகளை எண்ணிப் பாருங்கள். பிறகு வந்து மார்தட்டுங்கள்.

“பொட்டலத்தில் வரும் குழந்தை உணவு சுத்தமானதல்லவா?” என்று கிராணி வீட்டார் சிலர் கேட்கலாம். இரும்புச் சத்துச் சேர்த்த வெறும் தானிய மாவு சில வேளைகளில் கைகொடுக்கும். அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் பிஸ்கட்டும், இனிப்புச் சேர்த்த மாவும், பையிலிருந்து உறிஞ்சும் பழக்கூழும் பெருமைக்காக வாங்குபவை. சர்க்கரை மிகுந்த உணவையும், உப்பு மிகுந்த உணவையும், இனிப்புப் பானங்களையும் 6 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. முட்டை, மீன், இறைச்சியில் ஏதேனுமொன்றும், காய்கனியும் நாள்தோறும் வேண்டுமென்கிறது. நம் கொல்லை முருங்கைக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை. விளம்பரமில்லாத காரணத்தால் அது தாழ்ந்ததாகிவிடுமா?

ஆண்மக்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் சோற்றைக் குழைப்பது பெண்ணின் வேலை மட்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? மனைவி காண்டா வாளி சுமந்து வந்து, மறுபடி அடுப்பில் நிற்கிறாள். நீர் திண்ணையில் கால்நீட்டிக் கிடக்கிறீர். முதலாளியிடம் நியாயம் கேட்கும் வாய்க்கு வீட்டில் நியாயம் செய்யத் தெரிய வேண்டும். ஒரு வார சிகரெட்டுக் காசில் பிள்ளைக்கு எத்தனை முட்டை வரும் என்று நீரே கணக்கிட்டுப் பாரும்.

நாம் கேட்பது

புத்திமதி தாய்க்கு, இலாபம் முதலாளிக்கு என்ற ஏற்பாட்டை நாம் ஏற்கமாட்டோம். தாயால் முடிந்ததைத் தாய் செய்யட்டும். நிர்வாகம் செய்ய வேண்டியதை நிர்வாகம் செய்யட்டும்.

ஒன்று: பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் அரைமணி வீதம் இரு முறை, சம்பளம் வெட்டாத ஓய்வு. அதைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

இரண்டு: பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை தாய்க்கு லயத்துக்கு அருகிலுள்ள நிரை. மருந்தடிக்கும் வேலை அவளுக்கு வேண்டாம்.

மூன்று: ஆயாக்கொட்டகை. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தைப் பற்றிய விதிகள் உள்ளன. கட்டடம் மட்டும் இருந்தால் போதாது. அடுப்பு வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும், கொதித்தாறிய நீர் வேண்டும், பயிற்சி பெற்ற ஆயா வேண்டும், நாள்தோறும் முட்டையும் பருப்பும் கீரையும் வேண்டும். அங்கே டின்பால் நுழையக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு உழைப்பவரின் பிள்ளைக்கும் அதே கொட்டகையில் அதே சோறு வேண்டும். பசிக்குக் கடப்பிதழ் கிடையாது.

நான்கு: அந்த 82 நாள். பிரசவ விடுமுறை ஆறு மாதமாகும்வரை சங்கங்கள் ஓயக் கூடாது. 60 நாள் 98 ஆனது கேட்டதால்தான். 98 நாள் 180 ஆவதும் கேட்டால்தான்.

கிளைத் தலைவர்களே! அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். தாய்மாரையும் பாட்டிமாரையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். உங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகை திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா, அதில் பிள்ளைக்கு என்ன ஊட்டப்படுகிறது என்பதை எழுதி நமக்கு அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரோடு நிர்வாகத்தின் முன் வைப்போம்.

அந்தப் பாட்டியாருக்கு இனி நம்மிடம் பதில் உண்டு. அம்மா! ஆறு மாதம் முடிந்ததும் நீர் குழைத்த சோறும், பருப்பும், கொல்லை முருங்கையும், கோழி முட்டையும் கொடும். அதுவரை பிள்ளைக்கு அதன் தாயைக் கொடுக்க வேண்டும். அதை உம்மால் மட்டும் செய்ய இயலாது. அதைச் செய்யத்தான் சங்கம் இருக்கிறது.